போய்ச் சேர்ந்தால் காணுமா? குழந்தைகளும் கட்டுநாயக்கா வானும்

மருதனார்மடச் சந்தியிலிருந்து பலாலி விமான நிலையம் பத்துக் கிலோமீற்றர் அளவுதான். ஓட்டோவில் போனால் அரை மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். அதே சந்தியிலிருந்து கட்டுநாயக்காவுக்கு ஏறத்தாழ 360 கிலோமீற்றர். ஏ9 வீதியால் வவுனியா, மதவாச்சி, அனுராதபுரம், பிறகு புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு என்று எட்டு ஒன்பது மணித்தியாலம் எடுக்கும். லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ டுபாய்க்கோ குழந்தையோடு வெளிக்கிடும் எங்கள் ஊர்க் குடும்பங்களில் அநேகம் போவது இந்த இரண்டாவது வழியால்தான். அதுவும் இரவில், ஒரே வானில், பன்னிரண்டு பேரும் எட்டுப் பெட்டியும் ஒரு கைக்குழந்தையுமாக.

வெளிநாட்டுப் பயணம் என்றதும் வீட்டில் எவ்வளவோ பேசுகிறோம். விசா வந்ததா, ரிக்கெற் எவ்வளவு, எத்தனை கிலோ கொண்டு போகலாம், மிளகாய்த்தூளைச் சாமான்களுக்கு நடுவில் வைப்பதா அடியில் வைப்பதா என்றெல்லாம் மாதக்கணக்கில் கதை நடக்கும். வான் மட்டும் கடைசிக் கிழமையில்தான் ஞாபகத்துக்கு வரும். "ஆரையும் பிடிப்பம், இப்ப என்ன அவசரம்" என்பதோடு அந்தக் கதை முடிந்துவிடும்.

எங்கள் கருத்து இதற்கு நேர் எதிரானது. சின்னப் பிள்ளைகளோடு போகிறீர்கள் என்றால் முதலில் திட்டமிட வேண்டியது வானைத்தான். அதற்குப் பிறகு ரிக்கெற்றைப் பார்க்கலாம். முழுப் பயணத்திலும் அந்தப் பிள்ளைக்கு ஆபத்துக் கூடிய நேரம் விமானம் மேலே ஏறும் நேரம் கிடையாது. மதவாச்சிக்கும் புத்தளத்துக்கும் இடையில், விடியப்புறம் மூன்று மணிக்கு, பெல்ட் போடாத ஒரு மடியில் பிள்ளை நித்திரையாக இருக்கிறதே, அந்த நேரம்தான்.

மடி ஒரு சீற் இல்லை

"நான் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டுதானே இருக்கிறன்" என்று அம்மம்மாமார் சொல்லும்போது எதிர்த்துப் பேச மனம் வராது. அந்த மடியில்தான் நாங்களும் வளர்ந்தோம். ஆனால் இந்த இடத்தில் பாசத்தைவிடப் பௌதிகவியல் பெரியது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வான் எதிலாவது மோதி, அரை மீற்றர் தூரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று வையுங்கள். அந்த ஒரு கணத்தில் 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து வைத்திருக்க, சுமார் 200 கிலோவைத் தூக்கும் அளவு பலம் தேவை. எந்த அம்மம்மாவாலும் முடியாது. பாரந்தூக்கும் வீரராலும் முடியாது. இன்னொன்றும் உண்டு. பிடித்திருப்பவர் பெல்ட் போடாவிட்டால், அவருடைய முழுப் பாரமும் பிள்ளையின் மேலேயே வந்து விழும். இரவு வெறுந் தெருவில் வான்கள் 50இல் போவதில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

குழந்தைக்கென்று செய்த சீற்றில் இருத்தினால் என்ன வித்தியாசம்? கைக்குழந்தைகளின் இறப்பை அது 71% வரை குறைக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தடுப்பூசி இந்த அளவு வேலை செய்கிறது என்று தெரிந்தால், கிளினிக் வாசலில் விடியவே வரிசையில் நின்றிருப்போம்.

இதில் எங்களை அதிகம் யோசிக்க வைப்பது வேறொரு விஷயம். வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வரும் பிள்ளைகளைப் பாருங்கள். பிரித்தானியாவில் 12 வயது ஆகும்வரை, அல்லது 135 சென்ரிமீற்றர் உயரம் வரும்வரை, காரில் பிள்ளைக்குரிய சீற் கட்டாயம். ஜேர்மனியில் 12 வயது அல்லது 150 சென்ரிமீற்றர். கனடாவின் ஒன்ராறியோவில் 8 வயது, 36 கிலோ, 145 சென்ரிமீற்றர் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டும்வரை. ஹீத்ரோவுக்குப் போகும்போது ஐந்து பட்டியால் கட்டப்பட்டு வந்த பிள்ளை, கட்டுநாயக்காவில் இறங்கி ஒரு மணித்தியாலத்துக்குள் சித்தப்பாவின் மடியில், முன் சீற்றில், கண்ணாடியைத் தட்டிக்கொண்டு வருகிறது. பிள்ளை அதே பிள்ளைதான். அதே தாய் தகப்பன்தான். மாறியது நாடு மட்டுமே. "ஊருக்கு வந்திட்டம், இனி என்ன" என்ற அந்த ஆறுதலை எலும்பும் மண்டையோடும் அறியாது.

எங்கள் நாட்டுச் சட்டம் என்ன செய்கிறது? 2011இலிருந்து சாரதியும் முன் சீற்றில் இருப்பவரும் பெல்ட் போட வேண்டும். 2025 செப்டெம்பரிலிருந்து அதிவேகப் பாதைகளில் எல்லாப் பயணிகளும் போட வேண்டும் என்று வந்தது. நல்லது. ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளம் வழியாகக் கட்டுநாயக்கா போகும் எங்கள் பாதையில் அதிவேகப் பாதை ஒரு அங்குலம் கூட இல்லை. எங்கள் வானின் பின் சீற்றில் இருக்கும் பிள்ளையை அந்த விதி தொடவே இல்லை.

றைவர் எப்ப படுத்தவர்?

இரண்டாவது விஷயம் நித்திரை. பிள்ளையின் நித்திரையைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறோம். வான் ஓட்டுபவரின் நித்திரையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு.

17 மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருக்கும் ஒருவரின் கவனமும் கை வேகமும், இரத்தத்தில் 0.05% மதுசாரம் உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடும் என்பது 1990களிலிருந்தே ஆய்வுகளில் தெரிந்த விஷயம். 24 மணித்தியாலம் விழித்திருந்தால் அது 0.10% அளவுக்குச் சமம். இலங்கையில் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை 0.08%. அதாவது முதல் நாள் காலை எழும்பி, பகல் முழுக்க ஹயர் ஓடி, இரவு ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டு வாசலுக்கு வருபவர், விடியப்புறம் சிலாபத்தைத் தாண்டும்போது ஒரு துளி குடிக்காமலே வெறியில் ஓட்டுபவரின் நிலைக்குக் கிட்ட வந்துவிடுகிறார். மனித உடம்புக்கு நித்திரை மிக அழுத்திவரும் நேரமும் இரவு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரைதான். பொலிஸ்காரர் ஊதச் சொன்னால் கருவி ஒன்றும் காட்டாது.

இதில் றைவர்மாரைக் குற்றம் சொல்ல நாங்கள் வரவில்லை. அவர்கள் ஓடினால்தான் காசு. டீசல் விலை, லீசிங் கட்டுக்காசு, வெறும் வானோடு திரும்பினால் வரும் நட்டம் எல்லாவற்றையும் அவர்களே சுமக்கிறார்கள். விடிய ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டு, பத்து மணிக்கு வந்திறங்கும் இன்னொரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அதே சீற்றில் திரும்பி வருகிறார்கள். "அண்ணை, நித்திரை கொண்டனீங்களோ?" என்று நாங்கள் கேட்பது கண் சிவந்ததைக் கண்ட பிறகு, முறிகண்டியில். கேட்க வேண்டியதோ வானைப் பேசும்போது.

முறிகண்டி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, கச்சான் வாங்காமல் எங்கள் வான் எதுவும் அந்த இடத்தைத் தாண்டுவதில்லை. எவ்வளவு அவசரம் என்றாலும் நிற்போம். ஆக, நிற்கத் தெரியாத ஆட்கள் இல்லை நாங்கள். அந்தப் பழக்கத்தை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் என்று நீட்டினால் பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம், பம்பேர்ஸ் மாற்றலாம், றைவர் முகம் கழுவித் தேத்தண்ணி குடிக்கலாம்.

ஏன் இப்படிப் பழகினோம்?

எங்கள் தாய் தகப்பனை நோக்கி "உங்களுக்குப் பாதுகாப்பு பற்றி விளங்கேல்லை" என்று சொல்வது சுகம். நியாயம் கிடையாது. அவர்கள் பயணம் செய்யப் பழகிய காலம் வேறு. 90களில் கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடந்தவர்கள் அவர்கள். 2006 ஓகஸ்டில் ஏ9 பூட்டப்பட்ட பிறகு காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பலில் போனவர்கள். பாஸ் எடுத்து, பதிந்து, கொழும்பு லொட்ஜ்களில் நாள்கணக்கில் கிடந்து விமானம் ஏறியவர்கள். கைக்குழந்தையோடும் அப்படித்தான் போனார்கள். அந்த நாட்களில் பயணத்துக்கு இருந்த ஒரே அளவுகோல் "உயிரோட போய்ச் சேர்ந்தாக் காணும்" என்பது. அப்போது சீற் பற்றிக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

போர் முடிந்து பதினைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. தெரு காப்பெற் ஆகிவிட்டது. சோதனைச் சாவடியில் இறங்கி நடக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அளவுகோல் மட்டும் மாறாமல் வானில் ஏறி வந்துகொண்டிருக்கிறது. "காணும்" என்ற சொல் ஒரு காலத்தில் எங்களைக் காப்பாற்றியது. இப்போது அது எங்களைக் கேள்வி கேட்காமல் வைத்திருக்கிறது.

வழியனுப்பும் கூட்டத்தையும் இந்த இடத்தில் பேச வேண்டும். ஒரு பிள்ளையும் தாயும் போக, ஒன்பது பேர் கூடப் போவார்கள். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இது வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் அப்பப்பா அந்தப் பேரப்பிள்ளையை இனி எப்போது காண்பார், காண்பாரா என்பதே தெரியாத வீடுகள் இவை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டும் அந்த ஐந்து நிமிடத்துக்காக ஓர் இரவு முழுக்க வானில் குலுங்கி வர அவர்கள் தயார். அதை நாங்கள் நக்கலடிக்க மாட்டோம். ஒன்று மட்டும் கேட்கிறோம்: வானில் இடம் பற்றாமல் போகும்போது முதலில் சீற்றை இழப்பது யார்? சின்னப் பிள்ளைதான். "அவன் மடியில இருப்பான்." பெரியவர் ஒருவருக்கு இடம் கொடுக்கப் பிள்ளையின் இடம் போகிறது. பிள்ளைக்கு ஒரு சீற், தாய்க்குப் பக்கத்துச் சீற் என்று முதலில் ஒதுக்கிவிட்டு, மிஞ்சும் இடத்தை மற்றவர்கள் பகிர்ந்துகொள்ளட்டும். மற்றவர்கள் வீட்டு வாசலில் ஆறுதலாகக் கட்டிப்பிடித்து அழலாம். வாசலில் அழுதாலும் அது வழியனுப்புதல்தான்.

இந்தப் பயணத்தின் பாரம் யாரில் விழுகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. கணவர் வெளியில், மனைவி இரண்டு பிள்ளைகளோடு தனியாகப் போகிறாள் என்பது எங்கள் ஊரில் வழமையான கதை. வானில் இரவு முழுக்கச் சத்தி எடுக்கும் பிள்ளையை ஏந்திக்கொண்டு இருந்தவள், விடிய மூன்று மணித்தியாலம் கவுண்டர் வரிசையில் நின்று, பிறகு பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் விமானத்தில் தனியாகப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். அவளுக்கு அந்தப் பயணம் விமானத்தில் தொடங்கவில்லை. ஏறும்போதே பாதி உயிர் போய்விட்டது.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் ரிக்கெற்றின் நேரம். மலிவான ரிக்கெற் என்று காலை பத்து மணி விமானத்தைப் போட்டால், ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டும், முதல் நாள் இரவு ஒன்பது பத்துக்கு வெளிக்கிட வேண்டும். முழு இரவும் தெருவில். விடியப்புறம் மூன்று மணி விமானம் என்றால் நள்ளிரவுக்குள் நிற்க வேண்டும். பகல் பன்னிரண்டு, ஒரு மணிக்கு வீட்டிலிருந்து புறப்பட்டால், பெரும்பகுதித் தெருவை வெளிச்சத்தில் முடித்து, இரவு பத்துக்குள் ஆறுதலாகப் போய் இறங்கலாம். பார்க்கக் கஷ்டமான நேரம் மாதிரி இருக்கும் அந்த விமானம்தான் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு நல்ல விமானம். வேறு வழியில்லாமல் காலை விமானம்தான் என்றால், முதல் நாள் பகலில் போய் நீர்கொழும்புப் பக்கம் ஓர் அறை எடுத்துத் தங்குவதைப் பற்றி யோசிக்கலாம். அந்த அறையில் றைவருக்கும் ஒரு கட்டில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, வானைப் பேசும் விதம். விலையோடு சேர்த்து மூன்று கேள்வி கேளுங்கள். முதல் நாள் ஓட்டம் இருக்கா? கூட ஓட இன்னொருவர் வருவாரா? பின் சீற்றில் தோளுக்குக் குறுக்காக வரும் பெல்ட் இருக்கா? பல ஹையேஸ்களில் பெல்ட் இருக்கும், சீற் கவருக்குக் கீழே புதைந்து கிடக்கும். முதல் நாளே இழுத்து எடுக்கச் சொல்லுங்கள். றைவர் நித்திரை கொண்டு திரும்புவதற்குக் கூடக் கொடுக்கும் காசை வீண் செலவு என்று நினைக்காதீர்கள். பயணப்பெட்டிக்குக் கொடுக்கும் காசைவிட அது பெறுமதியானது.

மூன்றாவது, பிள்ளைச் சீற். "அதெல்லாம் வெளிநாட்டுக்காரருக்கு, விலை என்ன தெரியுமோ?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வருடத்தில் ஒருதரம் ஓடும் பயணத்துக்கு ஒவ்வொரு வீடும் வாங்கத் தேவையில்லை. எங்கள் ஊர்களில் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. கதிரையும் பந்தலும் வாடகைக்குக் கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. ஓர் ஊருக்கு மூன்று நான்கு சீற் இருந்தால் போதும், எழுதி வைத்துக் கொடுத்து வாங்கலாம். லீவுக்கு வரும் குடும்பங்களிடம் கேளுங்கள். பல விமான நிறுவனங்கள் பிள்ளைச் சீற்றைக் கிலோ கணக்கில் சேர்க்காமல் ஏற்றுகின்றன. அவர்கள் கொண்டு வரலாம், பிள்ளை வளர்ந்துவிட்டால் விட்டுவிட்டும் போகலாம். சொக்லேற்றைவிட நல்ல பொருள் அது. ஒரு விபத்தில் அகப்பட்ட சீற்றையும், அடியில் எழுதியிருக்கும் பாவனைக் காலம் முடிந்ததையும் எடுக்க வேண்டாம். கைக்குழந்தை வானின் பின்பக்கத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும், குறைந்தது பதினைந்து மாதம் வரையாவது. காற்றுப்பை உள்ள முன் சீற்றில் அப்படி வைக்கவே கூடாது.

வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தர் நிறையையும் ஊசியையும் பற்றிப் பேசும்போது, வாகனத்தில் பிள்ளையை எப்படி இருத்துவது என்பதும் அந்தப் பேச்சில் சேர்ந்தால், நாங்கள் எழுதும் பத்துக் கட்டுரையைவிட அது பலன் தரும்.

வீட்டோடு முடியாத விஷயம்

எல்லாவற்றையும் குடும்பத்தின் தலையில் போட்டுவிட்டு எழும்ப முடியாது. 360 கிலோமீற்றரை எந்தத் தாயும் உண்டாக்கவில்லை.

1947 டிசம்பர் 10இல் ஏர் சிலோன் பறந்த முதல் பறப்பே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான். இந்த நாட்டின் வணிக விமானப் போக்குவரத்து எங்கள் வீட்டுக்குப் பக்கத்தால் போய்த்தான் தொடங்கியது. 2019 ஒக்ரோபர் 17இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னைச் சேவை வந்தது. கொரோனாவோடு 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இன்டிகோவும் சென்னைக்கு வந்தது, 2025 மார்ச்சில் திருச்சிக்கும். சிறிய ஏரிஆர் விமானங்கள்தான். ஆனாலும் ஒரு பிள்ளையோடு சென்னை போக, இரவு வானுக்குப் பதில் அரை மணித்தியால ஓட்டோ என்பது சின்ன மாற்றம் இல்லை. அதைத் தாண்டி லண்டன் போவதென்றால் சிக்கல் வருகிறது. முழுப் பயணமும் ஒரே பதிவில் இல்லாவிட்டால் சென்னையில் வெளியே வந்து பெட்டி எடுத்துத் திரும்பக் கொடுக்க வேண்டும், அதற்கு இந்திய விசா வேண்டும். பலாலியிலிருந்து தொடர் ரிக்கெற் இலகுவாகக் கிடைப்பதும், கட்டுநாயக்காவின் நள்ளிரவு விமானங்களோடு நேரம் பொருந்தும், சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் உள்ளூர்ப் பறப்பும் எங்கள் கோரிக்கைகளாக இருக்க வேண்டும்.

ரயிலையும் மறக்கக் கூடாது. சுன்னாகத்திலோ இணுவிலிலோ ஏறலாம். வடக்கு ரயில்கள் போகும் பாதையும் புத்தளப் பாதையும் றாகமையில் சந்திக்கின்றன. புத்தளப் பாதையில் கட்டுநாயக்கா நிலையமும் இருக்கிறது. தண்டவாளம் போட்டாகிவிட்டது, இல்லாதது ஒழுங்கு. இரண்டு பிள்ளையோடும் நான்கு பெட்டியோடும் ஒரு தாய் மேடை மாறி, அங்கிருந்து விமான நிலைய வாசலுக்குப் போக ஒரு ஏற்பாடு இருந்தால், பாதி வான்கள் தேவைப்படாது.

கேட்டால் கிடைக்குமா என்பவர்களுக்கு ஓர் உதாரணம். கடவுச்சீட்டுக்காகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வவுனியாவுக்கும் கொழும்புக்கும் அலைந்த காலம் ஒன்று இருந்தது. 2025 செப்டெம்பர் 1இல் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் கடவுச்சீட்டு அலுவலகம் திறந்தது. ஒரு இரவுப் பயணம் அப்படியே இல்லாமல் போனது. அடுத்ததைக் குறைக்கவும் கேட்கலாம்.

அதுவரைக்கும் ஒரு வேலை எங்கள் வயதுக்காரர் கையில் இருக்கிறது. வீடுகளில் ரிக்கெற் தேடுவது யார்? போனில் விலை பார்த்து, நேரம் பார்த்து, மாமிக்கும் அக்காவுக்கும் பதிவு செய்து கொடுப்பது நாங்கள்தானே. அடுத்த முறை அப்படித் தேடும்போது விலைக்குப் பக்கத்தில் இன்னொரு வரி எழுதுங்கள்: வான் எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும், யார் ஓட்டுகிறார், பிள்ளை எந்தச் சீற்றில். அந்த மூன்றையும் நிரப்பிய பிறகு காசைக் கட்டுங்கள்.